ஹோனேயின் துப்பாக்கிக்கு ஓர் அலமாரி

நியூசிலாந்தில், ஆக்லாந்தின் மனுகாவில் ஷாப்பிங் மாலுக்குப் பின்பக்கத் தெருவில் இருந்த அந்த வேட்டைச் சாமான் கடையில் இரும்பு அலமாரிகளைக் கடைசி வரிசையில் நிறுத்தி வைத்திருந்தார்கள். கூடாரங்களையும் ரப்பர் பூட்ஸ்களையும் கடந்து அங்கே போக வேண்டும். அந்த ஜூலை மாதத்தில் எல்லாச் சனிக்கிழமையும் முனியாண்டி அங்கே போய் நின்றுவிட்டு வந்தார். ஒவ்வொரு அலமாரியின் கதவையும் திறப்பார், மூடுவார், விரல் முட்டியால் பக்கவாட்டில் தட்டிப் பார்ப்பார். மலிவானது பிஸ்கட் டின்னைப் போலச் சத்தம் போட்டது. விலை கூடியது சத்தமே போடவில்லை.

கடைக்காரப் பையன் தாடி வைத்த வெள்ளைக்காரன். இவரைப் பார்த்துப் பழகிவிட்டிருந்தான்.

“இதை வாங்காதீர்கள்,” என்றான் மலிவானதைக் காட்டி. “கடப்பாரை வைத்து நெம்பினால் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்துவிடும். சோதனைக்கு வருகிறவர்கள் முதலில் கதவைத்தான் இழுத்துப் பார்ப்பார்கள்.”

“ஒரே ஒரு துப்பாக்கிதான்,” என்றார் முனியாண்டி ஆங்கிலத்தில். “ஒன்றுக்கு மட்டும் சின்னதாக, ஆனால் கனமானதாகக் கிடையாதா?”

“ஒன்றோடு யாரும் நிறுத்துவதில்லை. அதனால் யாரும் செய்வதில்லை.” சிரித்தான். “தோட்டாவுக்கு உள்ளேயே தனி அறை, தனிப் பூட்டு இருக்க வேண்டும். தரையிலும் சுவரிலும் போல்ட் போட வேண்டும். பழையது கிடைத்தால் பாருங்கள். இரும்பு பழசானால் கெட்டுப்போகாது.”

வெளியே மழை பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. முனியாண்டி காருக்குள் உட்கார்ந்து, எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியில் படிந்த ஆவி விலகும்வரை காத்திருந்தார். வீட்டுக்குப் போக அவசரம் எதுவும் இல்லை.

அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். மலேசியாவில், பேராக்கின் சித்தியவான் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். ஆக்லாந்துக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. வீரியில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். மனைவி வேதவள்ளி, மகள் சுபாஷினியின் பிரசவத்துக்காக ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போனவள். மூன்று மாதம் என்று போனாள். பேரன் இப்போது வாக்கியமாகப் பேசுகிறான்.

துப்பாக்கி ஹோனேயுடையது. ஹோனே அதே கிடங்கில் இவருக்கு மூத்தவன். மாவோரிக்காரன், பெரிய உடம்பு. ஒருநாள் சாப்பாட்டு அறையில் இவருடைய நெத்திலிச் சம்பலை ஒரு கரண்டி கேட்டு வாங்கித் தின்றான். கண்ணில் நீர் வழிய, “என்ன இது, ப்ரோ?” என்று கேட்டு, இன்னொரு கரண்டி வாங்கினான். அதற்கு அடுத்த சனிக்கிழமை போர்ட் வைகாட்டோ பக்கத்தில் தெரிந்தவர் பண்ணைக்குக் காட்டாடு சுடக் கூட்டிக்கொண்டு போனான். உரிமம் உள்ளவன் பக்கத்திலேயே நின்றால் இல்லாதவனும் சுடலாம் என்று சொல்லிக்கொடுத்தான். அப்படித் தொடங்கியது, பல வருடம் ஓடியது.

சனிக்கிழமைகளில் அவர்கள் அதிகம் பேசியதில்லை. ஈரப்புல்லில் குப்புறப் படுத்துக்கொண்டு மலைச்சரிவைப் பார்ப்பார்கள். சில நாள் ஒன்றும் கிடைக்காது. கிடைத்த நாளில் தோலுரிப்பது முனியாண்டியின் வேலை. அவருக்குக் கத்தி நன்றாகப் படியும். தொடைக்கறியைப் பண்ணைக் கொட்டகையிலேயே மல்லித்தூளும் பட்டையும் போட்டுப் பிரட்டுவார். ஹோனே ரொட்டியால் சட்டியைத் துடைத்துத் தின்பான். திரும்பி வரும் வழியில் டீக்கடை மாதிரி ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்துவான். அவ்வளவுதான். வாரம் முழுக்க உறைந்த இறைச்சிப் பெட்டிகளுக்கு நடுவில் வண்டி ஓட்டுகிற மனிதருக்கு அந்த ஒரு நாள் போதுமானதாக இருந்தது.

மார்ச்சில் ஹோனேவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. மகள் வந்து வடக்கே கைட்டாயாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். போவதற்கு முன் ஆஸ்பத்திரியில், வாய் கோண, மெதுவாகச் சொன்னான்: “துப்பாக்கி உனக்கு. லைசென்ஸ் எடு. நல்ல சேஃப் வாங்கு. அதுவரை என் அக்கா மகன் வைத்திருப்பான். போய் வாங்கிக்கொள்.”

முனியாண்டி பாதுகாப்பு வகுப்புக்குப் போனார், தேர்வில் தேறினார், தன்னைப் பற்றி வேதவள்ளியிடம் விசாரிக்கலாம் என்று எழுதி விண்ணப்பம் போட்டார். வேலை குறைந்து ஓவர்டைம் நின்றுபோயிருந்த சமயம். மார்ட்கேஜ் போக மிஞ்சுவதில் கடையில் இருந்த நல்ல அலமாரிக்கு எட்டாது. மலிவானதை வாங்க மனம் வரவில்லை.

அன்று மாலை வேதவள்ளி போனில் வந்தாள். பெர்த்தில் இன்னும் வெயில் இருந்தது.

“சாப்டீங்களா?”

“ஆச்சு. நேத்து வெச்ச பருப்பு இருந்துச்சு.”

“நேத்தும் பருப்புன்னுதானே சொன்னீங்க?”

“நேத்து வெச்சது லா. இன்னைக்கும் இருந்துச்சு.” இத்தனை வருடத்திலும் மலேசிய ‘லா’ அவர் பேச்சை விட்டுப் போகவில்லை.

“அந்தப் பெட்டி கெடைச்சுதா?” என்று கேட்டாள் அவள்.

“ஒன்னு பாத்து வெச்சிருக்கேன். மவுண்ட் ஆல்பர்ட்ல யாரோ பழசு விக்கிறாங்க. நம்ம ஆளுதான், சிலோன்காரர்.”

“எங்க வைக்கப் போறீங்க?”

“சுபா ரூம்ல. துணி அலமாரிக்குள்ள செவுரு நல்லா இருக்கு.”

“அவ ரூம்லயா? அவ வந்தா?”

“அவ எங்க வரப்போறா?” என்றவர், குரலை மாற்றிக்கொண்டார். “நீ ஒன்னும் யோசிக்காத. எனக்கு இங்க ஒரு கொறையும் இல்ல. புள்ளயப் பாத்துக்க. மெதுவாவே வா.”

“ம்,” என்றாள் வேதவள்ளி.

மவுண்ட் ஆல்பர்ட் வீடு ரயில் நிலையத்துக்கு மேலே, சரிவில் இருந்தது. பழைய மரவீடு, வாசலில் செங்குத்தான படிகள். முனியாண்டி கிடங்கில் ஒருவரிடம் வேன் இரவல் வாங்கி, தள்ளுவண்டியும் இரண்டு பழைய போர்வையும் கயிறும் எடுத்துக்கொண்டு போனார். கதவைத் திறந்தவர் எழுபது தாண்டிய சோதிலிங்கம். தடித்த கண்ணாடி. இவர் நின்ற இடத்துக்குச் சற்று இடதுபக்கமாகப் பார்த்துச் சிரித்தார். முனியாண்டி பூட்ஸைக் கழற்றக் குனிந்தார்.

“வாங்கோ தம்பி, வாங்கோ. சப்பாத்தோடயே வாங்கோ, பாரம் தூக்க வேணுமெல்லே.”

இரும்பு அலமாரி படுக்கையறைச் சுவரோடு கட்டிய துணி அலமாரிக்குள் நின்றது. கரும்பச்சை. முனியாண்டி முட்டியால் தட்டினார். சத்தம் வரவில்லை.

“நல்ல சாமான்,” என்றார் சோதிலிங்கம். “முந்தி ஹெலன்ஸ்வில் பக்கம் முயல் சுடப் போறனான். கந்தோரிலை கூட வேலை செய்த ஒரு வெள்ளைக்காரன் பழக்கினவன். இப்ப கண் போயிட்டுது. முயலையும் தெரியேல்லை, முயலுக்குப் பின்னாலை நிக்கிற மாட்டையும் தெரியேல்லை. வித்துப்போட்டன்.”

“மனசு கஷ்டமா இருக்காங்கய்யா?”

“அப்பிடியொண்டும் இல்லை. இஞ்சை ஒராள் சந்தோசமா நிக்கிறா, பாருங்கோ.”

சமையலறை வாசலில் அவர் மனைவி சாந்தகுமாரி மாவுக் கையோடு நின்றாள். “பின்னை? பதினைஞ்சு வருசமா என்ரை சீலையெல்லாம் பெட்டிக்குள்ளை கிடக்குது. உது போனாத்தான் எனக்கு அந்த இடம்.”

போல்ட்டுகளைக் கழற்ற வெகுநேரம் பிடித்தது. இரண்டு துருவேறி இறுகிவிட்டிருந்தன. முனியாண்டி ஸ்பேனரில் இரும்புக்குழாயை மாட்டி, நீளமாக்கி, உடல் பாரத்தைப் போட்டுத் திருப்பினார். சோதிலிங்கம் டார்ச் பிடித்தார். வெளிச்சம் அடிக்கடி வேறெங்கோ போயிற்று. முனியாண்டி ஒன்றும் சொல்லாமல் அவர் மணிக்கட்டைப் பிடித்து மெல்லத் திருப்பி வைத்தார்.

“பொலிஸ் வீட்டுக்கு வந்து பாத்திட்டினமோ?” என்று கேட்டார் சோதிலிங்கம்.

“இன்னும் இல்லிங்க. சேஃப் மாட்டுனப்புறம் வருவாங்களாம்.”

“லைசென்சுக்கு ரெண்டு பேர் உங்களுக்காகக் கதைக்க வேணும். ஒராள் வீட்டுக்காரியா இருந்தா நல்லம். எனக்கு இவதான் கதைச்சவ. அந்தப் பொலிஸ்காரி குசினிக்குள்ளை கதவைச் சாத்திப்போட்டு இவளைக் கேட்டவ, உனக்கு உன்ரை மனுசனிலை பயமிருக்கோ எண்டு.”

“நான் சொன்னன்,” என்று சமையலறையிலிருந்து சாந்தகுமாரியின் குரல் வந்தது, “இவருக்குத்தான் பக்கத்து வீட்டுப் பூனையிலை பயம் எண்டு. அவ சிரிச்சுச் சிரிச்சு எழுதினவ.”

முனியாண்டியும் சிரித்தார். சிரித்து முடித்ததும் அந்த வீட்டின் சத்தங்கள் அவருக்குக் கேட்டன. எண்ணெயில் எதுவோ பொரிந்தது. ரேடியோவில் யாரோ தமிழில் விளம்பரம் வாசித்தார்கள். சாந்தகுமாரி கணவரைப் பார்த்து, “இஞ்சாருங்கோ, அந்தப் படியிலை நிக்காதேங்கோ, விழுந்தா நான்தான் தூக்க வேணும்,” என்றாள்.

அலமாரியைப் போர்வையில் சுற்றிப் படுக்க வைத்து, படிப்படியாக இறக்கினார்கள். இறக்கியவர் முனியாண்டிதான். சோதிலிங்கம் மேலே கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு, “பாத்து, பாத்து,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். வேனில் ஏற்றி முடித்தபோது முனியாண்டியின் சட்டை மழையில் நனைந்ததா வியர்வையில் நனைந்ததா என்று தெரியவில்லை.

கைகழுவ உள்ளே வந்தவரை உட்கார வைத்து, தேத்தண்ணியும் சுடச்சுட மீன் ரோல்ஸும் தந்தாள் சாந்தகுமாரி.

“வீட்டிலை ஆக்கள் எத்தினை பேர்?”

“நான் மட்டும்தாங்க இப்போதைக்கு. வீட்டுக்காரம்மா மக வீட்ல இருக்காங்க, பெர்த்துல.”

“எப்ப வருவா?”

“வந்துருவாங்க.”

சாந்தகுமாரி அவரைக் கொஞ்சம் பார்த்தாள். எழுந்துபோய் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் ரோல்ஸை நிறைத்துக்கொண்டு வந்தாள். “கொண்டு போங்கோ தம்பி. ஃபிரீசரிலை போட்டு வையுங்கோ.” ஃபிரீசர் வரை அவை போகவில்லை. மோட்டார்வேயில் நெரிசலில் நின்றபோது முனியாண்டி ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டே வந்தார்.

வீட்டுக்குள் கொண்டுபோவதுதான் பெரும்பாடாக இருந்தது. கூடப் பிடிக்க ஆள் இல்லை. பக்கத்து வீட்டு சமோவாக் குடும்பம் தேவாலயத்துக்குப் போயிருந்தது. தோட்டத்தில் பனைக்குலைத் தள்ளுவண்டியைச் சேற்றில் நகர்த்தியது ஞாபகம் வந்தது. பழைய தண்ணீர்க் குழாய்த் துண்டுகளை அலமாரிக்கு அடியில் உருளையாகக் கொடுத்து, ஒன்றைப் பின்னாலிருந்து எடுத்து முன்னால் வைத்து, நடைவழியில் அங்குலம் அங்குலமாக உருட்டினார். சுபாஷினியின் அறை வாசலில் திருப்பும்போது மூலை சுவரில் இடித்து, பலகையில் ஒரு கை அளவுக்குப் பள்ளம் விழுந்தது. “சரி லா,” என்று சத்தமாகச் சொன்னார். அன்று அந்த வீட்டுக்குள் யாரும் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

மறுநாள் சுவரைத் தட்டித் தட்டி உள்ளே மரச்சட்டம் எங்கே ஓடுகிறதென்று கண்டுபிடித்து, துளை போட்டு, நீளத் திருகாணிகளை இறுக்கினார். தரைப்பலகைக்கு அடியில் தவழ்ந்துபோய், குளிரில், வயிற்றில் ஈரமண் ஒட்ட, அடிப்பக்கத்தில் தகடு வைத்து முடுக்கினார். மேலே வந்து, அலமாரியை இரு கையாலும் பிடித்து முழுப்பலத்தோடு ஆட்டினார். வீடுதான் ஆடும் போலிருந்தது, அலமாரி ஆடவில்லை. யாரிடமாவது காட்ட வேண்டும் என்றிருந்தது. போனில் படம் எடுத்து ஹோனேயின் மகளுக்கு அனுப்பினார். அவள் கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினாள்.

அந்த வாரம் புதன்கிழமை, வேலை முடிந்து காரில் ஏறும்போது வேதவள்ளி அழைத்தாள். அவள் அழைக்கிற நேரம் அது இல்லை.

“உங்ககிட்ட ஒன்னு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது.”

“புள்ளைக்கு என்னா?”

“புள்ள நல்லா இருக்கான். அந்தப் போலீஸ்லேர்ந்து ஒரு அம்மா கூப்ட்டாங்க. ரொம்ப நேரம் பேசுனாங்க. சுபா பக்கத்துல உக்காந்து எனக்குப் புரியாததெல்லாம் சொன்னா.”

“ம். என்னா கேட்டாங்க?”

“குடிப்பாரா, கை நீட்டுவாரான்னு. இல்லவே இல்லன்னேன். கோவக்காரரான்னு கேட்டாங்க. கோவம் வந்தா பேசாம போயிருவாருன்னேன். அப்புறம்…” வேதவள்ளி மூச்சு இழுத்தாள். “மனசு ஒடிஞ்சு போயி இருந்த சமயம் ஏதாச்சும் உண்டான்னு கேட்டாங்க. நீங்க வெய்மவுத் போன அன்னைக்கு நடந்ததச் சொல்லிட்டேன்.”

முனியாண்டி கார் சாவியைத் திருப்பாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

அது கோவிட் ஊரடங்கு சமயம். அவர் தம்பி பழனிவேல் ஈப்போ ஆஸ்பத்திரியில் இறந்தான். எல்லை மூடிக் கிடந்தது. இறுதிக் காரியத்தைப் போன் வீடியோவில் பார்த்தார்கள். அதற்கு மறுநாள் காலை, பால் வாங்கி வருகிறேன் என்று போனவர் இருட்டிய பிறகுதான் வீடு திரும்பினார். வெய்மவுத் கடற்கரையில் உட்கார்ந்திருந்ததாகவும், போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டதாகவும் சொன்னார். அதுவரை வேதவள்ளியும் சுபாஷினியும் தெருத்தெருவாகத் தேடியிருந்தார்கள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை.

“அதுல சொல்றதுக்கு என்னா இருக்கு?” என்றார். “சார்ஜ் போச்சு. அவ்ளோதானே?”

“சார்ஜ் இருந்துச்சுங்க. நீங்க குளிக்கப் போனப்ப நான் போன எடுத்துத் தொறந்தேன். பாதிக்கு மேல இருந்துச்சு.”

மழைத்தூறல் கண்ணாடியில் விழுந்து ஓடியது. கிடங்கின் வாசலில் அடுத்த ஷிஃப்ட் ஆட்கள் தலையில் பையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள்.

“இத்தன வருஷம் ஏன் கேக்கல?” என்றார்.

“கேக்க பயமா இருந்துச்சு.”

“இப்ப போலீஸ்கிட்ட சொல்ல மட்டும் பயமில்லையா?”

“பொய் சொல்லச் சொல்றீங்களா? அந்த வீட்ல நீங்க ஒத்தையா இருக்கீங்க. கூட ஒரு துப்பாக்கி இருக்கும். நான் இங்க உக்காந்துகிட்டு எப்படிங்க தூங்குறது?”

“ஒத்தையா விட்டுட்டுப் போனது யாரு?”

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு நாளாக வாய்க்குள் இருந்தது என்று அவருக்குத் தெரிந்தது.

“நான் ஒவ்வொரு தடவையும் கேட்டேன், வரட்டுமா வரட்டுமான்னு,” என்றாள் வேதவள்ளி. “நீங்க ஒரு தடவயாச்சும் வான்னு சொன்னீங்களா? எனக்கு ஒரு கொறையும் இல்ல, மெதுவா வா, மெதுவா வா. சரி, நான் இல்லாம நல்லாத்தான் இருக்காரு போலன்னு நெனச்சேன்.”

முனியாண்டி போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவள் அழைத்தபோது எடுக்கவில்லை. ‘பிஸி’ என்று ஒரு செய்தி அனுப்பினார். கிடங்கில் குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு பெட்டிகளை அடுக்கினார். வீட்டில் முட்டையும் சோறும் தின்றார். எரிச்சல் முதலில் வேதவள்ளி மேல் இருந்தது. நாளாக ஆக அது யார் மேல் என்று தெரியாமல் போயிற்று. சனிக்கிழமை காலை வழக்கம்போல இருட்டோடு விழிப்பு வந்தது. பூட்ஸைப் போட்டுக்கொண்டு, போக இடமில்லாமல், வாசலில் கொஞ்ச நேரம் நின்றார்.

போலீஸ் உரிமப் பிரிவிலிருந்து வந்த பெண்மணியின் பெயர் ஜூலி. முனியாண்டியின் வயதுதான் இருக்கும். வாசலிலேயே ஈரச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அலமாரியை இழுத்தாள், தள்ளினாள், குனிந்து திருகாணிகளைப் பார்த்தாள், தோட்டா அறையின் பூட்டைத் திறந்து மூடினாள்.

“யார் பொருத்தியது?”

“நானேதான்.”

“கூட யார்?”

“யாரும் இல்லை.”

அவள் அலமாரியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “என் கணவருக்கு ஒரு படத்தைக்கூட நேராக மாட்டத் தெரியாது,” என்றாள். முனியாண்டிக்கு உள்ளே சற்று இளகியது. டீ போட்டார். சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

எதற்காகத் துப்பாக்கி என்று கேட்டாள். ஹோனேயைப் பற்றிச் சொன்னார். இனி யாரோடு போவீர்கள் என்றாள். தனியாகப் போவேன் என்றார். அவள் அதைப் படிவத்தில் எழுதிக்கொண்டாள்.

“இதை எல்லோரிடமும் கேட்போம். மனது மிகவும் சோர்ந்துபோன காலம் ஏதாவது இருந்ததா?”

வேதவள்ளி சொன்னதை அவள் கேட்டிருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். அவள் முகத்தில் அது தெரியவில்லை.

“என் தம்பி இறந்தபோது,” என்றார். “ஒருநாள் காரில் போய்க் கடற்கரையில் உட்கார்ந்திருந்தேன். போனில் சார்ஜ்…”

அங்கே நின்றுவிட்டார். இத்தனை வருடமாகத் தயாராக இருந்த வாக்கியம்தான். பாதியில் வரமாட்டேன் என்றது.

“போனை நான்தான் அணைத்தேன்,” என்றார்.

ஜூலி பேனாவைக் கீழே வைத்தாள்.

“அலை ஏறும் நேரம். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. செய்யப்போவதில்லை என்றும் தெரியாது. அப்புறம் ஒரு ஆள் வந்து கண்ணாடியைத் தட்டினான். மீன்பிடிக்க வந்த டோங்காக்காரன். அவன் காரில் பேட்டரி செத்துவிட்டது, கேபிள் இருக்கிறதா என்று கேட்டான். என்னிடம் இருந்தது. மாட்டிக் கொடுத்தேன். அவன் வண்டி கிளம்பியது. எனக்கு இரண்டு மீன் கொடுத்தான். வீட்டுக்கு வந்துவிட்டேன்.”

“இப்போது அப்படி ஒரு நாள் வந்தால், யாருக்குத் தெரியும்?”

“வேலைக்கு வரவில்லை என்றால் சூப்பர்வைசருக்குத் தெரியும்.”

“வேலை இல்லாத நாளில்?”

“ஹோனேவுக்கு…” என்று தொடங்கி, மேசைமேல் டீக்கோப்பையைச் சற்று நகர்த்தி வைத்தார். வேறு பெயர் வரவில்லை. சுவர்க்கடிகாரம், குளிர்பெட்டி, வெளியே தகரக்கூரையில் மழை.

“எனக்கு வேண்டாம்,” என்றார் முனியாண்டி கடைசியில். “விண்ணப்பத்தை எடுத்துவிடுங்கள்.”

“நிறுத்தி வைக்கலாம். டாக்டரைப் பாருங்கள், பிறகு மறுபடி…”

“இல்லை. துப்பாக்கி இருந்தாலும் ஹோனே வரமாட்டான். நான் அந்த மலையில் தனியாக என்ன செய்வது?”

அவள் டீயை முழுவதும் குடித்தாள். போகும்போது, ராத்திரி பகல் எந்த நேரமும் பேசலாம் என்று ஒரு எண்ணைத் தந்தாள். அவள் ஏறிய பிறகும் கார் உடனே கிளம்பாமல் கொஞ்ச நேரம் வாசலில் நின்றிருந்தது.

முனியாண்டி முதலில் கைட்டாயாவுக்குப் பேசினார். மகள் போனை ஹோனேயின் காதில் பிடித்தாள். துப்பாக்கி அக்கா மகனிடமே இருக்கட்டும் என்றார். ஹோனே ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துக் கேட்டான்: “அப்போ… சனிக்கிழமை… என்ன செய்வாய்?”

“தெரியலை, ஹோனே.”

“எனக்கும்… தெரியலை,” என்றான் ஹோனே. இருவரும் பழக்கப்படி ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். பிறகு மகள், அப்பா களைத்துவிட்டார் என்று போனை வாங்கிக்கொண்டாள்.

பெர்த்தில் அப்போது காலை. முதல் மணியிலேயே வேதவள்ளி எடுத்தாள்.

“என்னங்க?”

“வந்துட்டுப் போய்ட்டாங்க. வேணாம்னு சொல்லிட்டேன்.”

“என்னாலயா?”

“இல்ல.” நாற்காலியில் உட்கார்ந்தார். “அன்னைக்குப் போன நான்தான் அணைச்சேன் வேதா.”

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் விட்டது. அவள் நகர்ந்துபோய் அதை அணைக்கவில்லை.

“தெரியும்ங்க.”

“பழனி மொகத்த மூடப் போறப்ப லைன் நின்னு போச்சுல்ல. படம் அப்படியே நின்னுச்சு. திரும்பி வந்தப்ப எல்லாம் முடிஞ்சிருச்சு. அதுக்கப்புறம் என்னால அந்தப் போனப் பாக்கவே முடியல. கையில வெச்சிருக்கவே முடியல.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

“நீயே அழுதுகிட்டு இருந்தே. உங்கிட்ட எப்படிச் சொல்றது?”

“ரெண்டு பேரும் சேந்து அழுதிருக்கலாம்,” என்றாள் வேதவள்ளி. குக்கர் இன்னொரு முறை கத்தியது. இந்த முறை அவள் அணைத்தாள். திரும்பி வந்தபோது மூக்கை உறிஞ்சினாள்.

“வேதா.”

“ம்.”

“நீ வா. வீட்டுக்கு வா.”

“புள்ளய டேகேர்ல சேக்கணும்,” என்றாள் மெல்ல. “சுபாவுக்கு ஷிஃப்ட் மாத்தணும். ஒரு மாசமாவது ஆகும்ங்க. அதுவரைக்கும் என்னா பண்ணுவீங்க?”

சமாளிச்சுக்குவேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. “தெரியல. ரொம்ப சூசாவாத்தான் இருக்கு,” என்றார். தோட்டத்துக் காலத்து மலாய்ச் சொல். கஷ்டம் என்று யாரிடமும் ஒப்புக்கொண்டு அவருக்குப் பழக்கமில்லை.

போனில், அவள் பின்னால் சின்னக் கால்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. பேரன் அவள் சேலையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும்.

“ஹூ இஸ் இட், பாட்டி?”

“தாத்தாடா.”

“ஹூஸ் வித் தாத்தா?”

முனியாண்டியும் அவள் பதிலுக்குக் காது கொடுத்தார்.

“யாரும் இல்லடா,” என்றாள் வேதவள்ளி. “தாத்தாகூட யாரும் இல்ல.”

பிறகு போனைக் காதிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு, “சுபா, எழுந்திரு, இங்க வா, அப்பாவப் பத்திப் பேசணும்,” என்று அவள் உரக்கக் கூப்பிடுவது கேட்டது. ஒரு கதவு திறந்தது. தூக்கக் கலக்கத்தில் சுபாஷினி என்னவோ கேட்டாள். சமையலறை மேசையில் உட்கார்ந்தபடி, முனியாண்டி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தார்.